இரண்டு புத்தகங்களுக்கு நடுவே காணாமல் போன சுருட்டு

காதர் பாய் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எங்கள் ஆபீசில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. அவர் மட்டும் எப்போதும் கழற்றுவார். அன்றைக்கு அதுகூட எனக்குச் சந்தேகமாகப் பட்டது. மடியில் கனம் இருப்பதால்தான் இவ்வளவு பணிவு என்று நினைத்துக்கொண்டேன்.

மேஜைமேல் இரண்டு தடிப் புத்தகங்கள் விரிந்து கிடந்தன. ஒன்று நம் சர்க்கார் அச்சிட்டது, மற்றது இலங்கை சர்க்கார் அச்சிட்டது. இரண்டிலும் ஒரே டிசம்பர் மாதம், ஒரே சரக்கு. நம் புத்தகத்தின்படி திருச்சியிலிருந்து அந்த மாதம் பெட்டி பெட்டியாகச் சுருட்டு இலங்கைக்குப் போயிருந்தது. அவர்கள் புத்தகத்தின்படி தலைமன்னாரில் வந்து இறங்கியது ஒரே ஒரு பெட்டி.

மேஜைக்கு அந்தப் பக்கம் கல்கத்தாவிலிருந்து வந்திருந்த ஆபீசர் உட்கார்ந்திருந்தார். வங்காளி. தமிழில் அவருக்குத் தெரிந்தது 'தண்ணீர்' ஒன்றுதான். பக்கத்தில் நான், பேனாவும் கையுமாக. அவர் இங்கிலீஷில் கேட்பதை நான் தமிழில் கேட்க வேண்டும். வரும் பதிலை அவருக்குச் சொல்லி, காகிதத்திலும் எழுதிக்கொள்ள வேண்டும்.

"மற்றப் பெட்டிகள் எங்கே என்று கேளுங்கள்" என்றார் ஆபீசர்.

கேட்டேன். காதர் பாய் ஆபீசரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அவர் சட்டையிலிருந்து பதப்படுத்திய புகையிலையின் வாசனை, கொஞ்சம் வெல்லம் கலந்த மாதிரி, அறை முழுக்கப் பரவியிருந்தது. மின்விசிறி இல்லாத அறை. ஜன்னலுக்கு வெளியே கோட்டை ஸ்டேஷனில் ஏதோ வண்டி நீராவி விட்டுக்கொண்டிருந்தது.

அவரை அங்கேயே நிற்க வைத்துவிட்டு, வேறு சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது.

பிறவிக் குணம்

முதலில் என்னைப் பற்றி. நான் யாரையும் நம்பாதவன். பால்காரனை நம்பமாட்டேன், அவனுடைய மாட்டையும் நம்பமாட்டேன். எனக்கு முன்னால் கறந்தால்கூட, மாட்டுக்குத் தண்ணீரை நிறையக் காட்டிவிட்டு வந்திருப்பானோ என்று தோன்றும். பெருமாள் கோயிலில் தீர்த்தம் சாதிக்கும்போது, பக்கத்தில் நிற்பவர் கைக்கு அரை உத்தரணி அதிகம் விழுந்ததோ என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன்.

"உங்களுக்கு உங்க நிழல் மேலேயே சம்சயம்" என்பாள் என் மனைவி கோமளம். "நீங்க போலீஸ்ல சேர்ந்திருக்கணும்."

போலீசில் சேர உடம்பில்லை. அதனால் சுங்க இலாகாவில் குமாஸ்தாவானேன். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி வீட்டிலிருந்து காலையில் கிளம்பி, காவிரிப் பாலத்தை நடந்தே கடந்து, கோட்டை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த ஆபீசுக்குப் போய்ச் சேருவேன். கடலே இல்லாத ஊரில் சுங்க ஆபீஸ் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தனுஷ்கோடி வழியாக இலங்கைக்குப் போகிற சரக்குக்கு இங்கேயே பத்திரம் போட்டு, இங்கேயே பதிந்துகொள்வதற்காக வைத்த ஆபீஸ் அது. மூன்று மேஜை, ஒரு பியூன், ஓயாமல் ஒழுகும் ஒரு மண் கூஜா.

நாங்கள் எண்ணியது

தேசத்தின் வியாபாரத்தைச் சர்க்கார் எப்படித் தெரிந்துகொள்கிறது என்று பலர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். சரக்கு அனுப்புகிறவர் ஒரு பத்திரம் எழுதித் தருவார். என்ன சரக்கு, எவ்வளவு எடை, என்ன மதிப்பு, எந்த தேசத்துக்கு. அதை வாங்கி முத்திரை குத்துவோம். அதிலுள்ளதை என் பேரேட்டில் தேசவாரியாக, தலைப்புவாரியாக, மாதவாரியாகப் பதிவேன். மாதக் கடைசியில் கூட்டி சென்னைக்கு அனுப்புவேன். சென்னை கல்கத்தாவுக்கு அனுப்பும். வருஷக் கடைசியில் பைண்டு செய்த புத்தகமாக எங்களுக்கே திரும்பி வரும். அதை வைத்துக்கொண்டு சட்டசபையில் பேசுவார்கள், பத்திரிகையில் தலையங்கம் எழுதுவார்கள்.

அதைப் படிக்கிறவர்கள், யாரோ துறைமுகத்தில் நின்று ஒவ்வொரு மூட்டையாக எண்ணியதாக நினைத்துக்கொள்வார்கள். நாங்கள் சரக்கைக் கண்ணால் பார்த்ததே இல்லை. எண்ணியதெல்லாம் காகிதத்தை.

தலைப்பு விஷயமும் இப்படித்தான். ஸ்ரீரங்கத்துக் கடைக்காரர் ஒருவர் கொழும்பிலிருக்கும் வைஷ்ணவர்களுக்குக் கட்டி கட்டியாகத் திருமண் அனுப்புவார். நெற்றிக்கு இட்டுக்கொள்ளும் மண்ணுக்குச் சர்க்கார் பட்டியலில் தலைப்பு கிடையாது. முகப்பூச்சு என்று போடுவதா, களிமண் என்று போடுவதா? நான் களிமண்ணில் போட்டேன். அது எப்படியோ வெளியே தெரிந்து, எங்கள் வீதியில் இரண்டு பெரியவர்கள் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு சென்னையிலிருந்து உத்தரவு வந்து அதை 'இதர சாமான்கள்' பகுதிக்கு மாற்றினேன். குடை, பாய், சோழி எல்லாம் அதில் இருந்தன.

பிற்பாடு பர்மாவைத் தனி நாடாகப் பிரித்தார்கள். அதுவரை ரங்கூனுக்குப் போகிற சரக்கு தூத்துக்குடிக்குப் போகிற மாதிரி, உள்நாட்டுச் சரக்கு. மறுநாள் காலை அதே கப்பல், அதே மூட்டை, அன்னிய தேசத்து வியாபாரம். அந்த வருஷம் தேசத்தின் வெளிநாட்டு வியாபாரம் பெருகிவிட்டதாக ஒருவர் பிரசங்கம் செய்தார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து சிரித்தேன். அச்சில் வந்த எந்த எண்ணையும் அன்று முதல் நான் நம்புவதில்லை. ஆனால் அது அன்று முதல். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின கதை. அப்போது நான் மனிதர்களை நம்பாமல் புத்தகத்தை நம்பிக்கொண்டிருந்தேன்.

நாயுடுவும் பாயும்

எங்கள் ஆபீஸ் வழியாக இலங்கைக்குச் சுருட்டு அனுப்பியவர் அப்போது ஒருவர்தான். ரங்கையா நாயுடு. உறையூரில் அவருக்குப் பெரிய கொட்டகை. வரிசையாக உட்கார்ந்து சுருட்டுவார்கள். நாயுடு வெற்றிலைகூடப் போடாதவர். பளீரென்று நாமம், தோளில் சரிகை அங்கவஸ்திரம். இலங்கையில் தேயிலைத் தோட்டங்கள் இருந்த ஊர்களிலெல்லாம் அவருடைய சரக்குக்குக் கிராக்கி.

நாயுடு ஆபீஸ் படியேறி நான் பார்த்ததில்லை. அவருக்காக வருவது காதர் பாய். சரக்கைப் பெட்டியடித்து, மாட்டுவண்டியில் ஏற்றி, பத்திரம் எழுதி, எங்களிடம் முத்திரை வாங்கி, வேகனில் ஏற்றிவிடுகிற புக்கிங் ஏஜெண்டு. கூட்ஸ் ஷெட்டுக்குள் நுழைய அவருக்கு எங்கள் ஆபீஸ் கொடுத்த பாஸ் இருந்தது. அந்த அட்டை இல்லாவிட்டால் அவருக்கு அந்தத் தொழில் இல்லை.

பாலக்கரையில் அவருக்கு நல்ல பெயர். அவர் தெருப் பள்ளிவாசலின் சாவி அவரிடம்தான் இருந்தது. எண்ணெய், பாய், பாத்திரம், ரமலான் கஞ்சிக்கு வந்த அரிசி எல்லாம் அந்தச் சாவிக்குள். அதை அவர் இடுப்பில் கட்டியிருப்பார். குனிந்து கையெழுத்துப் போடும்போது அது மேஜை விளிம்பில் இடிக்கும்.

கடலில் விழுந்ததா?

இலங்கைப் புத்தகமும் நம் புத்தகமும் ஒத்துவராத விஷயத்தைக் கல்கத்தாவில் யாரோ கண்டுபிடித்து, விசாரிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. அதைப் படித்ததும் எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. இத்தனை நாள் பால்காரனிடம் செலவழித்த திறமைக்கு இப்போதுதான் ஒரு கௌரவம் வந்ததாக நினைத்தேன்.

யோசித்துப் பாருங்கள். இலங்கையில் புகையிலைக்குக் கடுமையான தீர்வை. தனுஷ்கோடியில் தோணிகளுக்குக் குறைவில்லை. ரயிலில் போன பெட்டி ஸ்டீமரில் ஏறாமல் தோணியில் ஏறினால் தீர்வை இல்லாமல் தீவில் விற்றுவிடலாம். நம் புத்தகத்தில் போன கணக்கு இருக்கும், அவர்கள் புத்தகத்தில் வந்த கணக்கு இருக்காது. இப்படி ஒரு கதையை நானே கட்டினேன். கட்டிய பிறகு அது கதை என்பதே மறந்துவிட்டது.

பிறகு சாட்சி தேடினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடை வாங்கப் போகிறேன் என்று கோமளத்திடம் சொல்லிவிட்டுப் பாலக்கரைக்குப் போய் பாய் வீட்டைச் சுற்றி வந்தேன். கூரையில் பாதிக்குப் புது ஓடு. வாசலில் புதுக் கதவு. ஆபீசருக்கு எழுதிய குறிப்பில் இரண்டையும் சேர்த்தேன். புயலில் மரம் விழுந்து கூரையும் கதவும் போனது அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். நான் யாரையும் கேட்கவில்லை.

நாயுடுவையும் போய்ப் பார்த்தேன். நல்ல காப்பி கொடுத்தார்.

"எல்லாம் பாய் பாத்துக்கறதுங்க. பத்திரம், வண்டி, ரயில் எதுவும் எனக்குத் தெரியாது. நான் கொட்டகையோட சரி" என்றார். சொல்லும்போது அங்கவஸ்திரத்தால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த பெருமாள் படத்தைப் பார்த்துவிட்டு அதைக் கழித்துவிட்டேன். என் சந்தேகத்துக்கும் ஆள் பார்க்கத் தெரிந்திருந்தது. இதை இன்று எழுதும்போது கை கூசுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இலங்கைப் புத்தகம் டிசம்பரோடு முடிகிறது. அவர்களுக்கு வருஷம் ஜனவரியில் பிறக்கும், நம் இலாகாவுக்கு ஏப்ரலில். கொழும்புக்கு ஒரு கடிதம் எழுதி, 'ஜனவரியில் எவ்வளவு இறங்கியது' என்று கேட்டிருக்கலாம். காலணா செலவில்லை. கேட்கத் தோன்றியும் நான் கேட்கவில்லை. கேட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

மறுபடியும் அந்த மேஜை

"மத்த பெட்டியெல்லாம் எங்க பாய்?" என்று கேட்டேன் அல்லவா? அவர் சொன்ன பதில் இது.

"சாமி, எல்லாம் போய்ச் சேர்ந்துடுச்சுங்க. நாயுடு ஐயா மார்கழியில எதையும் தொடங்க மாட்டாரு. ஆனா பொங்கலுக்கு முன்னாடி தோட்டத்துக்கடைக்குச் சரக்கு போய்ச் சேரணும். அதுக்காகக் கார்த்திகை முடியறதுக்குள்ள நல்ல நாள் பாத்துப் பரஸ்தானம் வெச்சுடுவாரு. அன்னிக்கு ஒரு பெட்டி மட்டும் ரயில் ஏறும். பத்திரம் மொத்தச் சரக்குக்கும் அன்னிக்கே போட்டுடணும்பாரு. பத்திரம் போட்டாச்சுன்னா சரக்கு கிளம்பின மாதிரிதான்னு அவரு கணக்கு."

"மீதி?"

"அதெல்லாம் கொட்டகையில இருந்துச்சுங்க. வருசா வருசம் ஒரு வாரத்துல அனுப்பிடுவோம். இந்தத் தடவை ஸ்ரீரங்கத்து ஏகாதசிக்கு ஸ்பெஷல் வண்டியா விட்டாங்க, வேகன் கிடைக்கல. கூட்டம் கலைஞ்சு அனுப்பறதுக்குள்ள இங்கிலீஷ் வருசம் பொறந்துடுச்சு. கூட்ஸ் ஷெட்டு புக்குல தேதி இருக்கும் சாமி. பாருங்க."

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் ஆபீசர்.

பரஸ்தானம் தெரியாதவர்களுக்காக: நல்ல நாளில் கிளம்ப முடியாவிட்டால், அந்த நாளில் பயணத்துக்கான ஏதாவது ஒரு சாமானை முன்கூட்டி அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. வைத்துவிட்டால் பயணம் அன்றே தொடங்கியதாக அர்த்தம். பிறகு எந்த நாளில் வேண்டுமானாலும் போகலாம்.

ஆபீசருக்கு இதை விளக்க எனக்கு இரண்டு நிமிஷம் பிடித்திருக்கும். பாய் சொன்னது அத்தனையும் எனக்கு விளங்கியது. விளங்கியதுதான் என் கோபத்துக்குக் காரணம். ஒரு சாயபு, ஸ்ரீரங்கத்து ஐயங்காரிடம் வந்து பரஸ்தானம் சொல்கிறானே, என் காதிலேயே பூச்சுற்றப் பார்க்கிறானே என்று நினைத்தேன். எனக்குத் தகுந்த மாதிரி பொய்யை யோசித்துத் தயார்செய்து கொண்டுவந்திருக்கிறான் என்று தீர்மானித்தேன்.

"மதச் சடங்கு சம்பந்தமாக ஏதோ சொல்கிறார். கேள்விக்கு அது பதில் இல்லை" என்றேன் ஆபீசரிடம்.

காகிதத்தில் எழுதினேன்: 'திருப்திகரமான விளக்கம் எதுவும் தரவில்லை.'

என் பேனா ஒரே வரியோடு நின்றுவிட்டதைக் காதர் பாய் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அவ்வளவு நேரம் பேசியது ஒரு வரியில் அடங்காது என்று தெரிந்திருக்கும்.

"சாமி, நான் சொன்னதை முழுக்க எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதியாச்சு பாய்."

ஆபீசர் பாஸைக் கேட்டார். பாய் சட்டைப் பையில் தேடி, இடுப்பில் தேடி, கடைசியில் தொப்பிக்குள்ளிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். அட்டையின் ஓரங்கள் வியர்வையில் நைந்திருந்தன. வழக்குப் போடப் போதுமான சாட்சி இல்லை என்று ஆபீசர் ஊருக்குத் திரும்பினார். பாஸ் திரும்பவில்லை.

என் வீட்டு மஞ்சள் பை

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்த விசாரணைக்கு முந்தின வாரம் கோமளம் பிரசவத்துக்கு மன்னார்குடி போகவேண்டியிருந்தது. போகிற நாள் சரியில்லை. அதனால் அதற்கு மூன்று நாள் முன்பு நல்ல வேளையில், ஒரு மஞ்சள் பையில் அவளுடைய புடவை ஒன்றும் சீப்பும் போட்டு எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். வைத்தவன் நான்.

அந்த மூன்று நாளும் கோமளம் எங்கள் வீட்டில்தான் சமைத்தாள், எங்கள் வீட்டில்தான் தூங்கினாள். ஆனால் சாஸ்திரப்படி அவள் மன்னார்குடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இதை முழுசாக நம்புகிற மனுஷன், ஒரு சுருட்டுப் பெட்டி அப்படிப் போகக்கூடாது என்று எப்படி நினைத்தேனோ தெரியவில்லை. ஆபீசுக்குள் நுழையும்போது அந்தப் புத்தியை வாசலில் கழற்றி வைத்துவிட்டேன் போலிருக்கிறது.

அடுத்த புத்தகம்

ஒரு வருஷத்துக்குமேல் ஆகியிருக்கும். இலங்கையின் அடுத்த புத்தகம் தபாலில் வந்தது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி வரும். நாம்தான் அளவுகோலால் வெட்டிப் பிரிக்க வேண்டும். புதுக் காகிதத்தில் பசை வாசனை. புகையிலைத் தலைப்பைப் பிரித்தேன்.

ஜனவரி மாதம். தலைமன்னார். சுருட்டு.

வழக்கத்துக்கு மீறி அவ்வளவு சுருட்டு அந்த ஒரு மாதத்தில் இறங்கியிருந்தது. எங்கள் பழைய டிசம்பர் எண்ணிலிருந்து அவர்களுடைய டிசம்பர் எண்ணைக் கழித்தேன். அவர்களுடைய ஜனவரி எண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தேன். ஒரு பெட்டிகூடக் குறையவில்லை.

அப்போதும் நான் நம்பவில்லை. கூட்ஸ் ஷெட்டுக்கு ஓடினேன். அவர்களுடைய பழைய புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்கள். கார்த்திகைக் கடைசியில் ஒரு பெட்டி. ஏகாதசிக் கூட்டம் கலைந்தபிறகு மீதி அத்தனையும். தேதி இருக்கும் பாருங்க என்று பாய் சொன்னாரே, அது இருந்தது. ஆபீசிலிருந்து அங்கே போக ஐந்து நிமிஷ நடை.

பெட்டிகள் கடலில் விழவில்லை, தோணியில் ஏறவில்லை. ஒரு வருஷம் முழுக்க இரண்டு சர்க்கார் புத்தகங்களுக்கு நடுவே கிடந்தன. அவற்றோடு ஒரு மனுஷனும் கிடந்தார். அங்கேயிருந்த தராசுத் தட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பாலக்கரையில்

மறுநாள் சாயங்காலம் காதர் பாய் வீட்டுக்குப் போனேன். செம்பட்டுப் பக்கம் ஒரு தோல் கிடங்கில் தோல் அடுக்குகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அப்போதுதான் திரும்பிவந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். புகையிலை வாசனை போய்ச் சுண்ணாம்பும் தோலும் கலந்த நெடி வந்திருந்தது. உள்ளே நார்க்கட்டிலில் துண்டை விரித்து என்னை உட்காரச் சொன்னார். அவர் நின்றார்.

"பாய், சுருட்டு கிடைச்சுடுத்து" என்றேன்.

"எங்கேங்க?"

"ஜனவரியில."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். "அதைத்தானே சாமி அன்னிக்குச் சொன்னேன்."

"சொன்னீர். நான் எழுதலை."

இதைச் சொல்வதற்காகத்தான் போனேன். சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன். அவர் கோபப்பட்டிருந்தால் இறங்கியிருக்குமோ என்னவோ. அவர் கோபப்படவில்லை. உள்ளே திரும்பி டீ போடச் சொன்னார்.

"பாஸ் திரும்பக் கிடைக்குமாங்க?"

"நாயுடு வேற ஆளை வெச்சுண்டுட்டார். அந்தப் பாஸ் அவன் பேருக்குப் போயாச்சு."

"சரிங்க. தொழில் போகட்டும். தோலைத் தூக்கியும் சோறு திங்கலாம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பள்ளிவாசல் சாவியை வாங்கிட்டாங்க சாமி. யாரும் எதுவும் சொல்லலை. கொடுத்துடுங்க பாய், உங்களுக்கு எதுக்குச் சிரமம்னாங்க. அது ஒண்ணுதான் எனக்குத் தாங்கலை."

அவர் இடுப்பில் சாவி இல்லாததை அப்போதுதான் கவனித்தேன்.

"ஒரு காகிதம் எழுதித் தர்றீங்களா? காதர் அன்னிக்கே காரணத்தைச் சொன்னான், அது நெசம்னு ரெண்டு வரி. உங்க கையெழுத்தோட. ஜமாத் பெரியவங்ககிட்ட காட்டுவேன். வேற எங்கயும் கொண்டுபோக மாட்டேன்."

அவரே உள்ளே போய் ஒரு தாளும் பேனாக்கட்டையும் மசிக்கூடும் கொண்டுவந்து கட்டில்மேல் வைத்தார். பேனாவை எடுத்தேன். மசியில் தோய்த்தேன். அப்போது என் பிறவிக் குணம் தலைகாட்டியது. இந்தக் காகிதம் ஜமாத்தோடு நிற்குமா? ஒரு வக்கீல் கைக்குப் போனால்? நாளைக்கு ஆபீஸ் மேஜைமேல் வந்து விழுந்தால்? விசாரணையில் பொய்யாக எழுதினேன் என்று என் கைப்படவே எழுதிக் கொடுத்தவன் ஆவேனே. கைக்குழந்தையும் வேலையும் கண்முன் வந்தன.

"வெறும் தாள்ல எழுதினா மதிப்பில்லை பாய். ஆபீஸ் காகிதத்துல முத்திரையோட எழுதிண்டு வரேன்" என்றேன்.

"சரிங்க சாமி" என்றார்.

அவர் நம்பவில்லை. பிறரைச் சந்தேகிப்பதிலேயே வயசைக் கழித்தவனுக்கு, தன்னை ஒருவர் சந்தேகிப்பது தெரியாமல் போகுமா? மசிக்கூட்டை மூடி எடுத்துக்கொண்டு போனார். டீ வந்தது. ஏலக்காய் போட்ட டீ. குடித்தேன். தெருமுனை வரை கூட வந்து வழியனுப்பினார்.

அடிக்குறிப்பு

நான் சும்மா இருக்கவில்லை என்றும் சொல்ல வேண்டும். சென்னைக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'மேற்படி டிசம்பர் மாதச் சுருட்டின் பெரும்பகுதி ஜனவரியில் அனுப்பப்பட்டதாகப் பின்னர் தெரியவந்தது. திருத்திக்கொள்ளவும்.' எப்படித் தெரியவந்தது என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த புத்தகத்தில் சுருட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு வந்தது. என் கவனத்தைப் பாராட்டி ஒரு கடிதமும் வந்தது. அதைத் தொடர்ந்து சென்னைக்கு மாற்றலும், உயர்வும்.

பாலக்கரைக்கு நான் திரும்பப் போகவில்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று சென்னை கிளம்பும்வரை தள்ளிக்கொண்டே வந்தேன். யுத்தம் வந்தது. காதர் பாய் காலமானதை, அவர் போய் இரண்டு வருஷம் கழித்து, யாரோ ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். சாவி அவரிடம் திரும்பியதா என்று கேட்டேன். அப்படி ஒரு விஷயமே அந்த மனிதருக்குத் தெரியவில்லை.

அவருடைய மகன் பாலக்கரையில் இருப்பதாகக் கேள்வி. இதை வாசிக்கிறவர்களில் அவரைத் தெரிந்தவர் யாராவது இருந்தால், இந்தப் பக்கத்தைக் கிழித்து அவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் தகப்பனார் கேட்டது இரண்டு வரி. ஆபீஸ் முத்திரை இல்லை, என் கையெழுத்து மட்டும்தான்.

காதர் பாய் விசாரணை நடந்த அன்றைக்கே காரணத்தைச் சொன்னார். அது முழுக்க உண்மை. எழுதிக்கொள்ள வேண்டிய நான், எல்லாம் விளங்கியும், எழுதவில்லை.